ஸ்பீட்வே உலகக் கோப்பை: நாலு பேர் அணியா, ஜோடியா? (போகப் போக நம்ம ஊரு மண்ணும்)

சுத்தமல்லி · ஆகஸ்ட் 1, 2023 · இரவு 10.15

சனிக்கிழமை போலந்து வ்ராட்ஸ்வாவ்ல நடந்த ஸ்பீட்வே (மண் ட்ராக்ல சுத்துற பைக் ரேஸ்) உலகக் கோப்பை ஃபைனல் பாத்தவங்க வாங்க. போலந்து 33, பிரிட்டன் 31, டென்மார்க் 29, ஆஸ்திரேலியா 27. 2018-ல இருந்து இதுக்குப் பதிலா 'ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ்'னு ஜோடிப் போட்டி நடத்துனாங்க. அஞ்சு தடவை நடந்துச்சு, போலந்து ஒண்ணுலகூட ஜெயிக்கல. நாலு பேர் அணிங்கிற பழைய முறை திரும்புன ஒடனே கப்பைத் தூக்கியாச்சு. போலந்துக்குத் தோதா விதியை மாத்திட்டாங்கன்னு நான் சொல்லுதேன். மறுப்பு இருந்தா சொல்லுங்க.

கொக்கிரகுளம் · ஆகஸ்ட் 2 · காலை 7.05

மறுப்பு உண்டு. அந்தப் பழைய முறையில 2001 முதல் 2017 வரை 17 கோப்பை. போலந்து 8, டென்மார்க் 4, ஸ்வீடன் 3, ஆஸ்திரேலியா 2. போலந்துக்காரனுக்குன்னே எழுதுன விதின்னா மத்த 9 எப்படி வே கை மாறிப் போச்சு?

விதி ஆள்கிட்ட என்ன கேக்குதுன்னு பாக்கணும். ஒரு ஹீட்டுல, அதாவது ஒரு ஓட்டத்துல, நாலு பேர், நாட்டுக்கு ஒருத்தர். சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள்னு ஹெல்மெட் உறை. நாலு சுத்து, ஏறக்குறைய ஒரு நிமிஷம், இடப்பக்கமாவே திரும்பணும். வர்ற வரிசைப்படி புள்ளி 3, 2, 1, 0. ஹீட்டுக்கு 6 புள்ளி, 20 ஹீட்டுக்கு 120. ஒரு ஆளுக்கு 5 ஹீட், அதிகபட்சம் 15. நாலு அணிக்கும் சராசரி 30.

இந்தத் தடவை முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் வெறும் 6. எந்த நாட்டு ஸ்டாரும் 12, 13 எடுத்துருவான், அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. நாலாவது ஆள் 2 எடுக்கானா 6 எடுக்கானாங்கதுலதான் கப்பு நிக்கி. போலந்து லீக்ல அந்த நாலாவது இடத்துக்கே பத்துப் பேர் வரிசையில நிக்கான். அது விதியால வந்தது இல்ல.

பேட்டை · ஆகஸ்ட் 2 · மதியம் 1.30

பிரேக் இல்லாத வண்டிங்கிறதை யாரும் சொல்லல. புதுசா படிக்கிறவங்களுக்கு: 500 சிசி, ஒத்தை சிலிண்டர், ஒரே கியர், மெத்தனால், குறைஞ்சபட்சம் 77 கிலோ. பிரேக் கிடையாது. அந்த வகையில நம்ம மினி பஸ் டிரைவர்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்கு.

சுத்தமல்லி · ஆகஸ்ட் 2 · இரவு 9.50

சரி அண்ணாச்சி, நாலாவது ஆள் கதையை ஒத்துக்கிடுதேன். ஆனா ஒண்ணு. உலகக் கோப்பை ஹீட்டுல ஒரு நாட்டுக்கு ஒரே ஆள். கூட ஓட்ட தன் நாட்டுக்காரன் யாருமில்ல. இது எப்படி 'அணி'ப் போட்டி? நாலு தனி ஆளுங்க புள்ளியைக் கூட்டிப் போடுறது, அவ்வளவுதான். ஜோடிப் போட்டியிலதான் ரெண்டு பேர் சேர்ந்து ஓட்டுறாங்க. அதுல போலந்து தோத்தா அணியா ஓட்டத் தெரியலன்னுதானே அர்த்தம்?

கொக்கிரகுளம் · ஆகஸ்ட் 3 · காலை 6.40

இது நல்ல கேள்வி. ஜோடிக் கணக்கைப் பாப்போம். நேஷன்ஸ்ல புள்ளி 4, 3, 2, 0. ஒரு ஹீட்டுக்கு 9. ஒரு நாட்டுக்காரன் முதலாவதும் கடைசியுமா வந்தா 4. மத்த நாட்டுக்காரன் ரெண்டாவதும் மூணாவதும் வந்தா 5. அதாவது ஜெயிச்சவன் தோக்கான்! 3-2-1-0 போட்டிருந்தா 3-க்கு 3 சமம். கடைசி ஆளுக்கு முட்டை, மூணாவதுக்கு ரெண்டுன்னு வச்சதே, முன்னால போறவன் பின்னால வர்ற கூட்டாளியைத் திரும்பிப் பாக்கணும்னுதான்.

எப்படிப் பாப்பான்? வளைவுல இருந்து நேர்ப்பாதைக்கு வரும்போது கேஸை (ஆக்சிலரேட்டரை) கொஞ்சம் குறைச்சு, உள்கோட்டை விட்டு ஒரு வண்டி அகலம் வெளிய ஓட்டுவான். கூட்டாளி உள்ள. ரெண்டு வண்டியும் தோளோட தோள் போனா பின்னால வர்றவனுக்கு உள்ளயும் வழி இல்ல, வெளிய போனா தூரம் கூட. பத்து மீட்டர் முன்னால இருக்கவனுக்கு இதைச் செய்ய மனசு வராது. பழக்கம் வேணும்.

ஏழு அணி, ஒவ்வொரு அணியும் மத்த ஆறோட ஒரு தடவை, மொத்தம் 21 ஹீட். அதுக்கு அப்புறம் முதல் மூணு அணிக்கு மறுபடியும் ஓட்டம், கடைசி ஒரே ஹீட்டுல கப்பு. ராத்திரி முழுக்க சேத்த புள்ளி அந்த ஒரு நிமிஷத்துல உதவாது. உலகக் கோப்பையில முதல் ஹீட்ல விட்ட ஒரு புள்ளியும் கடைசி வரை கணக்குல நிக்கும். ரெண்டுல எது அணிப் போட்டின்னு கேட்டா: சேர்ந்து ஓட்டுறது நேஷன்ஸ்ல, நாட்டோட பலம் தெரியறது உலகக் கோப்பையில. என் ஓட்டு உலகக் கோப்பைக்கு.

மேலப்பாளையம் மெக்கானிக் · ஆகஸ்ட் 3 · இரவு 11.20

ஆளு ஆளுன்னே பேசுறீங்க. மண்ணைப் பத்தி யாரும் பேசலையே. முதல் ஹீட்ல இருக்குற ட்ராக் வேற, இருபதாவது ஹீட்ல இருக்குற ட்ராக் வேற. பின் டயர் சுத்தி சுத்தி மண்ணை வெளிப்பக்கம் தள்ளுது. ஆரம்பத்துல உள்கோட்டுல பிடி இருக்கும், முதல் கேட்டும் ரெண்டாம் கேட்டும் (ஸ்டார்ட் கோட்டுல உள்பக்கத்து இடங்க) லாபம். நாலு ஹீட் போனா உள்ள வழுக்கும், மண்ணு நடுவுல குவியும். பத்து ஹீட் தாண்டினா வேலி ஓரமா ஒரு மேடு, அதுல ஏறுறவன் வேகமா வருவான். டிராக்டர் வந்து இழுத்துவிட்டா மறுபடி மாறும்.

20 ஹீட்டுக்கு நாலு கேட்டு. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு கேட்டும் அஞ்சு தடவை வர்ற மாதிரிதான் அட்டவணை. ஆனா எந்த ஹீட்ல எந்த கேட்டு விழுதுங்கிறது முக்கியம். உள் கேட்டு ராத்திரி கடைசியில விழுந்தா அது வரம் இல்ல.

கொக்கிரகுளம் · ஆகஸ்ட் 4 · காலை 7.15

மெக்கானிக் அண்ணாச்சி சொன்னதோட இதையும் சேத்துக்கிடுங்க. அணிக்கு நாலு பேர்னா எதிராளி 12 பேர். ஒருத்தன் ஓட்டுறது 5 ஹீட், அதுல சந்திக்கது 15 ஆள். 12 பேரையும் ஒரு தடவை சந்திச்சும் மூணு சந்திப்பு மிச்சம் வரும். யாரையோ ரெண்டு தடவை பாத்தே ஆகணும். தனிநபர் போட்டியில 16 பேர், 20 ஹீட். அங்க ஒருத்தன் மத்த 15 பேரையும் சரியா ஒரே ஒரு தடவை பாப்பான், கச்சிதம். அணிப் போட்டியில அந்தக் கச்சிதம் கெடையாது. அதனாலதான் மேனேஜர் எந்த நம்பர்ல யாரைப் போடணும்னு மண்டையை ஒடைக்கான்.

முன்னால ஜோக்கர்னு ஒண்ணு உண்டு. 6 புள்ளி பின்தங்குன அணி ஒரு ஹீட்டுக்கு ஒருத்தனை ஜோக்கரா இறக்கலாம், அவன் எடுக்கது ரெட்டிப்பு. முதலாவதா வந்தா 6. சில பேர் வேணும்னே 6 புள்ளி பின்னால விழுந்து காத்திருக்கான்னு சந்தேகப்பட்ட காலமும் உண்டு. டி.வி.க்கு நல்லா இருந்துச்சு, விளையாட்டுக்கு இல்ல. அது ஒழிஞ்சது எனக்குச் சந்தோஷம்.

பேட்டை · ஆகஸ்ட் 4 · மாலை 5.00

முன்னால 5 பேர் அணி, 25 ஹீட்னு நடந்த காலம் உண்டு. 3-2-1-0 கணக்குல அப்போ மொத்தம் 150. அப்போ உள்ள புள்ளியையும் இப்போ 20 ஹீட் புள்ளியையும் ஒப்பிட்டு "அந்தக் காலத்துல எப்படி அடிச்சான் பாரு"ன்னு யாரும் வந்துராதீங்க. ஜோக்கர் வேற சேந்தா 150-ம் நிக்காது.

வள்ளியூர் காத்து · ஆகஸ்ட் 6 · இரவு 8.10

இழையை முழுசாப் படிச்சேன். எல்லாரும் போலந்தைப் பத்திப் பேசுறீங்க. நம்ம பக்கம் ஒரு ட்ராக் போட்டா என்ன? திசையன்விளையில இருந்து சாத்தான்குளம் வரை செக்கச் செவேல்னு தேரி மண்ணு கெடக்கு. இங்கிலாந்து ட்ராக்கும் அதே நெறந்தான். மண்ணுக்குச் செலவே இல்ல.

மேலப்பாளையம் மெக்கானிக் · ஆகஸ்ட் 6 · இரவு 8.40

நெறத்தைப் பாத்து மண்ணு வாங்காதீங்க தம்பி.

கொக்கிரகுளம் · ஆகஸ்ட் 7 · காலை 6.30

தேரி மண்ணு ஆகாது, காரணத்தைச் சொல்லிருதேன். தேரி காத்தடிச்சுக் குவிஞ்ச மணல். ஒவ்வொரு மணியும் உருண்டை, ஏறக்குறைய ஒரே அளவு, மேல இரும்புத் துருப் பூச்சு. உருண்டை மணி ஒண்ணோடொண்ணு கோத்துக்கிடாது. டயர் மேல ஏறுனா உள்ள புதையும், கேஸ் கொடுத்தா பள்ளம் விழும், ரெண்டாவது வண்டி அந்தப் பள்ளத்துல விழுந்து முன்சக்கரம் மடங்கும். தண்ணி ஊத்துனா ஒரு மணி நேரத்துல கீழ எறங்கிரும், மேல மறுபடி பொடி.

வேண்டியது உடைச்ச கல்லு. முனை இருக்கணும். இங்கிலாந்துல ஷேல்ங்கிற படிவுப் பாறைத் தூள், போலந்து பக்கம் களிமண் கலந்த கிரானைட் துகள். நம்ம ஊர்ல அதுக்குக் கிட்ட வர்றது கிரஷர் டஸ்ட். 6 மி.மீ.க்குக் கீழ, தூசியோட சேத்து.

வள்ளியூர் காத்து · ஆகஸ்ட் 7 · காலை 9.00

எம்-சாண்ட் போட்டா? லோடு சுலபமாக் கெடைக்கும்.

மேலப்பாளையம் மெக்கானிக் · ஆகஸ்ட் 7 · மதியம் 2.15

எம்-சாண்டைக் கழுவித்தான் விக்கிறாங்க. கான்கிரீட்டுக்குத் தூசி ஆகாதுன்னு அந்தப் பொடியை எடுத்துர்றாங்க. நமக்கு வேண்டியது அந்தப் பொடிதான், அதுதான் கல்லைக் கோத்துப் பிடிக்கும். கழுவாத கிரஷர் டஸ்ட் கேளுங்க. வெலையும் கம்மி.

அதுல நூத்துக்குப் பத்துல இருந்து பதினஞ்சு பங்கு களிமண் சேக்கணும். எந்தக் களிமண்ணுங்கிறதுல கவனம். கோவில்பட்டிப் பக்கக் கரிசலைக் கொண்டுவந்து கொட்டிராதீங்க. கரிசல் தண்ணி குடிச்சா வீங்கும், காஞ்சா வெடிக்கும், ஒரே வாரத்துல ட்ராக் பாளம் பாளமா நிக்கும். பானை சட்டி செய்யுற குளத்துக் களிமண் நல்லது. அதுவும் அனுமதி இல்லாம அள்ள முடியாது, தாலுகா ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து வாங்கணும்.

கொக்கிரகுளம் · ஆகஸ்ட் 8 · காலை 6.50

மண்ணைச் சோதிக்க ரெண்டு வழி. காசு செலவில்லாதது.

ஒண்ணு பாட்டில். நேரான கண்ணாடிப் பாட்டில்ல மூணுல ஒரு பங்கு மண்ணு, மிச்சம் தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு. நல்லாக் குலுக்கி வைக்கணும். ஒரு நிமிஷத்துக்குள்ள அடியில தங்குனது மணலும் கல்லும். அடுத்த ரெண்டு மூணு மணி நேரத்துல படியுறது வண்டல். மறுநாள் வரை கலங்கலா நின்னு மேல ஏடாப் படியுறது களிமண். ஸ்கேல் வச்சு அளந்தா பங்கு தெரியும். வண்டல் கூட இருந்தா அந்த மண்ணு வேண்டாம்: காஞ்சா தூசி, நனைஞ்சா வழுக்கல், ரெண்டு கெடுதலும் அதுலதான்.

இன்னொண்ணு கைப்பிடி. ஈரமான கலவையைக் கையில இறுக்கி உருண்டை பிடிச்சு இடுப்பு உயரத்துல இருந்து கெட்டித் தரையில போடணும். மூணு நாலு துண்டா ஒடைஞ்சா ஓட்டலாம். பொலபொலன்னு உதிந்தா தண்ணி பத்தல. சப்பையா ஒட்டிக்கிட்டா தண்ணியோ களிமண்ணோ கூட. ஹீட்டுக்கு நடுவுல ட்ராக் ஆளு இதையேதான் வளைவுக்கு வளைவு செஞ்சு பாப்பான்.

சுத்தமல்லி · ஆகஸ்ட் 8 · இரவு 10.30

கோப்பையில ஆரம்பிச்சு பானை சட்டியில வந்து நிக்குது இழை. சரி, எத்தனை லோடு ஆகும்? எங்க பக்கம் காலி இடம் இருக்கு.

கொக்கிரகுளம் · ஆகஸ்ட் 10 · காலை 7.30

கணக்குப் போட்டுப் பாத்தேன். எஃப்.ஐ.எம். (உலக மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு) விதிப்படி ட்ராக் நீளம் 260-ல இருந்து 425 மீட்டர் வரை. நேர்ப்பாதை அகலம் குறைஞ்சது 10, வளைவுல 14. நாம 300 மீட்டர் வச்சுக்கிடுவோம். நீளத்தை உள்ஓரத்துல இருந்து ஒரு மீட்டர் வெளிய அளக்கணும். ரெண்டு நேர்ப்பாதை 60, 60. மிச்சம் 180 மீட்டர் ரெண்டு அரைவட்டம். அளவுக்கோட்டுல ஆரம் 28.65, உள்ஓரத்துல 27.65, வெளிய 41.65.

வளைவுப் பரப்பு ஏறக்குறைய 3,050 சதுர மீட்டர், நேர்ப்பாதை 1,200. மொத்தம் 4,250.

மேல்மண் அமுக்குன பிறகு 6 செ.மீ. நிக்கணும்னா 255 கன மீட்டர். லூசா வர்ற லோடு அமுங்கும், நாலுல ஒரு பங்கு கூட்டிப் போட்டா 320. நம்ம யூனிட் கணக்குல, நூறு கன அடி ஒரு யூனிட், 113 யூனிட். நாலு யூனிட் டிப்பர்னா 28 நடை. அதுக்குக் கீழ 15 செ.மீ. ஜல்லியும் சரளும் அடிமண், அது இன்னொரு 280 யூனிட். காசு போறது அடிமண்ணுலதான். அதைக் குறைச்சா மழைக்கு அப்புறம் வளைவுல ஊத்துப் போட்டு அமுங்கும்.

அடிமண்ணை மூணு தட்டாப் போட்டு ஒவ்வொரு தட்டையும் நனைச்சு ரோலர் விடணும். பதினஞ்சையும் ஒரே தட்டா அமுக்குனா மேல மட்டும் இறுகும். வளைவுல உள்பக்கமா லேசான சரிவு, தண்ணி உள்ள வடிய ஒரு வாய்க்கா. வெளிப்பக்கம் சரிஞ்சா வழுக்குற வண்டி நேரா வேலிக்குப் போகும்.

வள்ளியூர் காத்து · ஆகஸ்ட் 10 · இரவு 9.15

ஆடிக் காத்தை விட்டுட்டீங்களே. ராதாபுரம் வள்ளியூர்ப் பக்கம் நாலு மாசம் காத்தாடி நிக்காம சுத்துற ஊர். தண்ணி ஊத்துன மண்ணு எவ்வளவு நேரம் ஈரமா நிக்கும்?

கொக்கிரகுளம் · ஆகஸ்ட் 11 · காலை 6.45

நிக்காது. அதுதான் நம்ம ஊருக்குப் பெரிய பிரச்சினை, மண்ணு இல்ல. காத்து மேல்தோலை மட்டும் காய வைக்கும், ரெண்டு செ.மீ. கீழ ஈரம் அப்படியே இருக்கும். மேல அப்பளமா ஒரு ஏடு. முதல் ஹீட்ல அந்த ஏடு ஒடைஞ்சு பேந்து வரும், ஒடைஞ்ச இடத்துல பள்ளம்.

மேலாப்ல அடிக்கடி தெளிக்கதுல பிரயோசனம் இல்ல. முந்தின நாள் ராத்திரி காத்து கொஞ்சம் அடங்குன பிறகு ஆழமா ஊத்தணும். 4,250 சதுர மீட்டருக்கு 3 மி.மீ. தண்ணின்னா 12,750 லிட்டர். ஒரு 12,000 லிட்டர் டேங்கர் வச்சுக்கிடுங்க. ரெண்டு மணி நேரம் ஊற விட்டு மறுபடி ஒரு டேங்கர். காலையில சட்டம் இழுத்து மேல ஒரு செ.மீ. கிளறி விடணும். கிளறுன மண்ணு காயும், ஆனா அடியில உள்ள ஈரத்தை மூடிக் காக்கும். ஓட்டத்துக்கு முன்னால லேசாத் தெளிச்சு உருட்டி விட்டாப் போதும். நாலு ஹீட்டுக்கு ஒரு தடவை வேலி ஓரத்து மண்ணை உள்ள இழுத்துட்டு வரணும். வெளிய இருந்து உள்ள, எப்பவும் அந்தத் திசைதான்.

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை வள்ளியூர்ல பகல்ல ஓட்டவே வேண்டாம்ங்கது என் கருத்து. அக்டோபர்ல மழை பிடிச்சா டிசம்பர் வரை வேற தலைவலி. ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் சீசன்.

பேட்டை · ஆகஸ்ட் 11 · மதியம் 12.10

பொங்கல் விளையாட்டுப் போட்டியில உறியடிக்கு அப்புறம் சேத்துருங்க.

மேலப்பாளையம் மெக்கானிக் · ஆகஸ்ட் 13 · இரவு 11.45

வண்டிப் பக்கம் வர்றேன். ஸ்டார்ட்ல என்ன கெடும்னு யாரும் எழுதல. அணிப் போட்டியில டேப்பை (ஸ்டார்ட் கோட்டுக்குக் குறுக்கே கட்டுற நாடா) தொட்டு ஒருத்தன் வெளிய போனா அந்த ஹீட்ல நாட்டுக்கே புள்ளி போகும், அதனால இது முக்கியம்.

ரெண்டு நிமிஷ மணி அடிக்கும். அதுக்குள்ள வந்து நிக்கணும், இல்லன்னா வெளிய. காலால மண்ணை ஒதுக்கி டயருக்கு ஒரு தடம் எடுப்பான். பச்சை விளக்கு. கிளட்சைப் பிடிச்சு எஞ்சினை ஏத்தி வைப்பான். இந்த இடத்துலதான் கெடுது. பிடிச்சு வச்ச கிளட்ச் சூடாகும், பிளேட் விரியும், கேபிள்ல லூசு கூடும். கிளட்ச் முழுசா விடாம இழுக்க ஆரம்பிக்கும். வண்டி தானா ஊரும். டேப்பைத் தொடும். பாக்கிறவங்க "அவசரக்காரன்"னு சொல்லுவாங்க. பாதி நேரம் அது ஆளு இல்ல, கிளட்ச்.

ஹீட் முடிஞ்சு வந்ததும் லிவர்ல எவ்வளவு ஆட்டம் இருக்குன்னு பாக்கணும். பிளேட்ல நீலம் பாஞ்சிருந்தா மாத்து. ஸ்பிரிங் தளந்திருந்தா எதிர்க் கோளாறு: கிளட்ச் விட்டதும் வழுக்கும், எஞ்சின் கத்தும், வண்டி போகாது, முதல் வளைவுல நாலாவது.

டயர். பின்னால 3.75-19, முன்னால 2.75-23. பின் டயர் சுத்திக்கிட்டே போறதால டயர்க் கட்டையோட ஒரு விளிம்பு மழுங்கும். திருப்பிப் போட்டா மத்த விளிம்பு கூரா வேலை செய்யும்.

ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடுற பல்சக்கரம்). பின்னால 57 பல்லு இருந்தா 58 போட்டா பாக்கிறவன் யாரும் கவனிக்க மாட்டான். ஆனா அது நூத்துக்கு 1.75. ட்ராக் காஞ்சு வழுக்க ஆரம்பிச்சா பல்லைக் குறைப்பாங்க, இழுவை மட்டுப்படும், டயர் சும்மா சுத்தாது. ஈரமும் ஆழமும் கூடினா பல்லைக் கூட்டுவாங்க. நாலு பேருல ஒருத்தன் கண்டுபிடிச்சதை அடுத்தவன்கிட்ட பிட்ல (வண்டியைச் சரிபாக்கிற இடத்துல) சொல்றான் பாருங்க, சுத்தமல்லி கேட்ட 'அணி' அங்கதான் இருக்கு.

சுத்தமல்லி · ஆகஸ்ட் 14 · காலை 8.00

கடைசி வரி பிடிச்சிருக்கு. அதை டி.வி.யில காட்ட மாட்டேங்கிறானே.

கொக்கிரகுளம் · ஆகஸ்ட் 14 · இரவு 9.20

முதல் வளைவைப் பத்தி ஒரு வார்த்தை. நாலு வண்டியும் ஒண்ணா வந்து திரும்புற ஒரே இடம் அது. 1989-ல பிராட்ஃபோர்டு ஓட்சல் மைதானத்துல உலக அணிக் கோப்பை ஃபைனல், முதல் ஹீட், முதல் வளைவு. நாலு பேரும் விழுந்தாங்க. மூணு தடவை உலகச் சாம்பியனான டென்மார்க்கோட எரிக் குண்டர்சன் படுகாயம், அதோட அவர் ஓட்டம் முடிஞ்சது. மைதானத்துக்கு இடம் பாக்கிறவங்க வளைவுக்கு வெளிய எவ்வளவு இடம் இருக்குன்னுதான் முதல்ல பாக்கணும். காத்தடைச்ச வேலி வளைவு முழுக்க வேணும். பலகை வேலி மட்டும் வச்சு யாரும் ஆரம்பிக்கக் கூடாது.

வலது மணிக்கட்டுல ஒரு கயிறு இருக்கும். ஆள் விழுந்தா கயிறு உருவி எஞ்சின் நின்னுரும். அதைச் சும்மா கைப்பிடியில சுத்திக்கிட்டு ஓட்டுறவனை ட்ராக்ல ஏத்தவே வேண்டாம்.

வள்ளியூர் காத்து · ஜூலை 15, 2024 · இரவு 8.30

இழையைத் தூசி தட்டுதேன். மான்செஸ்டர்ல நேஷன்ஸ் முடிஞ்சு போச்சு, பிரிட்டன் கப்பு. ஆறாவது தடவையும் போலந்து இல்ல.

கொக்கிரகுளம் · ஜூலை 16 · காலை 7.00

நேஷன்ஸ்ல 2024 வரை ரஷ்யா 3, பிரிட்டன் 2, ஆஸ்திரேலியா 1. ரஷ்யா 2018, 19, 20 மூணையும் எடுத்துச்சு; 2022-ல உக்ரைன் போருக்கு அப்புறம் அவங்க ஆட்களுக்கு எஃப்.ஐ.எம். தடை. ரெண்டு நல்ல ஆளு இருந்தாப் போதும்ங்கதுக்கு இந்தப் பட்டியலே சாட்சி. அதே ரஷ்யாவால நாலு பேர் கோப்பையை 2001-க்கு அப்புறம் ஒரு தடவைகூட எடுக்க முடியல.

முன்ன நான் சொன்னதுல ஒரு திருத்தம் மனசுல ஓடுது. உலகக் கோப்பைக்குத்தான் என் ஓட்டுன்னு எழுதுனேன். ஆனா புதுசா வர்ற நாட்டுக்கு நேஷன்ஸ்தான் வாசல். நாலு பேரை அந்தத் தரத்துக்கு வளக்க ஒரு தலைமுறை ஆகும். ரெண்டு பேர்னா ஒரு கிளப்பே போதும்.

பேட்டை · ஜூலை 16 · மதியம் 1.00

ரெண்டு பேரு வள்ளியூர்ல ரெடி. வண்டி?

மேலப்பாளையம் மெக்கானிக் · ஜூலை 17 · இரவு 10.50

வண்டிக்கு முன்னால எரியுற எண்ணெய், மெத்தனால். மெத்தனால்ங்கிற மெத்தில் ஆல்கஹால் வச்சிருக்கிறதுக்கே தமிழ்நாட்டுல லைசென்ஸ் வேணும், 1959 விதி. போன மாசம் கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயத்துல அறுபது பேருக்கு மேல செத்துருக்காங்க. இந்த நேரத்துல "ரேஸுக்குங்க"ன்னு போய் நின்னா யாரும் காது கொடுக்க மாட்டாங்க, கொடுக்கவும் கூடாது. முறையா, கிளப் பேர்ல, இருப்புக் கணக்கோட வந்தா பாக்கலாம்.

ஏன் மெத்தனால்? ஆவியாகும்போது பெட்ரோலைவிட மூணு மடங்கு சூட்டை உறிஞ்சும். அதனால கம்ப்ரஷனை 14, 15 வரை ஏத்தலாம், காத்துல ஆறுற எஞ்சின் தாங்கும். ஆனா காத்துக்கும் எண்ணெய்க்கும் உள்ள பங்கு பெட்ரோலுக்கு 14.7, மெத்தனாலுக்கு 6.4. அதாவது எடையில 2.3 மடங்கு எண்ணெய் போகணும். கார்புரேட்டர்ல எண்ணெய் பாயுற ஜெட் துளை விட்டத்துல ஒண்ணரை மடங்கு. பெட்ரோல் ஜெட்டோட மெத்தனால் ஊத்துனா பிஸ்டன் ஓட்டை விழுறது நிச்சயம்.

பகல்ல மெத்தனால் தீ கண்ணுக்குத் தெரியாது. ஆளு துடிக்கிறது மட்டும் தெரியும். நல்ல வேளை, தண்ணி கலந்தா அணையும். பிட்டுக்கு ரெண்டு வாளி தண்ணி, மூடி இல்லாம. வேலை முடிஞ்சதும் கார்புரேட்டரை வடிச்சுட்டு பெட்ரோல் ஊத்தி ஒரு நிமிஷம் ஓட்டணும். விட்டா அலுமினியத்துல வெள்ளைப் பொடி பூத்து ஜெட்டை அடைக்கும். கேனைத் திறந்து வைக்காதீங்க, ஈரத்தைக் குடிச்சுரும், கடலோர ஊர்ல இன்னும் சீக்கிரம்.

பேட்டை · ஜூலை 18 · காலை 9.40

எஞ்சின் மசகுக்கு ஆமணக்கு எண்ணெய் ஊத்துவாங்களாமே. அப்போ நம்ம சந்தையிலயே வாங்கிக்கலாம்.

மேலப்பாளையம் மெக்கானிக் · ஜூலை 18 · இரவு 9.10

ஊத்துவாங்க. சூட்டுலயும் படலம் கிழியாது, அதுக்காக. ஆனா செக்குல ஆட்டுன விளக்கெண்ணெய் இல்ல. அதுல இருக்குற பிசின் வளையத்துல கோந்தாப் பிடிக்கும். பிசின் எடுத்த ரேஸ் எண்ணெய் வேற. பிள்ளைக்குக் கொடுக்கிறதை எஞ்சினுக்குக் கொடுக்காதீங்க.

சுத்தமல்லி · ஜூலை 19 · இரவு 10.00

புல்லட் 500 எஞ்சினை எடுத்து ஃப்ரேம் பண்ணினா?

கொக்கிரகுளம் · ஜூலை 20 · காலை 6.55

500 சிசி, ஒத்தை சிலிண்டர்ங்கதோட ஒத்துமை முடிஞ்சது. புல்லட் 27 குதிரைத்திறன், 190 கிலோவுக்கு மேல. அங்க ஏறக்குறைய 80, 77 கிலோ. எஞ்சினை மட்டும் தனியா எடுத்தாலும் கனம் கூட.

பழக அது வேண்டாம். 150, 200 சிசி பெட்ரோல் வண்டி, 130 கிலோவுக்குள்ள. பின் பிரேக் இருக்கட்டும், முன் பிரேக் லிவரைக் கழட்டிருங்க. கைப்பிடியை அகலமாக்கணும். இடது பூட்ஸுக்கு அடியில 3 மி.மீ. இரும்புத் தகடு, குதிகால்ல இருந்து விரல் வரை, நுனி மேல வளைஞ்சு. நுனி வளையாத தகடு மண்ணுல குத்துனா முழங்கால் போயிரும். முதல்ல ஒரே ஆள், பத்து மீட்டர் ஆரத்துல கூம்பு வச்சு வட்டம். வழுக்கும்போது கேஸை மூடாமப் பழகணும், அதுதான் முக்கியம். மூடுனா டயர் சட்டுன்னு பிடி எடுக்கும், வண்டி வலப்பக்கமா ஆளைத் தூக்கி எறியும். நாலு வண்டியை ஒண்ணா விடுறதுக்கு முன்னால ரெண்டு ரெண்டா விடுங்க.

வள்ளியூர் காத்து · ஜூலை 20 · இரவு 8.20

கிரஷர்ல கேட்டாச்சு. கழுவாத டஸ்ட் இருக்காம், ஆனா 10 மி.மீ. வரை கல்லு கலந்து வருது. அப்படியே போடலாமா?

மேலப்பாளையம் மெக்கானிக் · ஜூலை 20 · இரவு 8.35

போடாதீங்க. டயர் அந்தக் கல்லைத் தூக்கிப் பின்னால வர்றவன் மூஞ்சியில அடிக்கும். 6 மி.மீ. சல்லடை போட்டு ஒரு லோடு மட்டும் சலிச்சுத் தரச் சொல்லுங்க, பாட்டில் சோதனை பாத்துட்டு மிச்ச லோடுக்கு அட்வான்ஸ் கொடுங்க.